மாப்பிள்ளை பார்க்க வந்த நாளில் பூசிய வாக்ஸ்

சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் எனக்கு வெடிமருந்து செலுத்தும் வேலை. வீடு திரும்பியதும் தலைக்குக் குளித்த பிறகுதான் அடுப்படிக்கே போவேன். அன்று மாலை பெண் வீட்டார் என்னைப் பார்க்க வருவதாக இருந்தது. தீபாவளி சீசன் என்பதால் ஆலையில் லீவு தரவில்லை.

எனக்கு முன்தலையில் முடி குறைவு. சலூன்காரரிடம் யோசனை கேட்டேன். "ஜெல்லு காஞ்சா பொருக்குத் தட்டும். இந்த வாக்ஸப் போடுங்க, சாயந்தரம் வரைக்கும் பிசுபிசுன்னு புடிச்சு நிக்கும்" என்றார். காலையிலேயே அள்ளிப் பூசிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அந்தப் பிசுபிசுப்பில் நாளெல்லாம் மருந்துத் தூள் ஒட்டியிருக்கிறது. மாலையில், முடி கலைந்துவிடுமே என்று முகத்தை மட்டும் கழுவினேன். டீ போடக் குனிந்து அடுப்பைப் பற்றவைத்ததும் தலை குப்பென்று எரிந்தது. "ஏலே, தலையில தீ!" என்று அலறிய அம்மா, ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினாள். கண் தப்பியது, நெற்றி வெந்துபோனது.

பெண் வீட்டார் வந்தபோது வீடெல்லாம் கருகிய நாற்றம். பெண்ணின் அப்பா உட்காரவே இல்லை.

"கோவிச்சுக்கிடாதீக தம்பி. மூத்த மாப்பிள்ளைய இந்த மருந்துக்குத்தான் பறிகொடுத்தோம்."

சொல்லிவிட்டு, வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இப்போது முடியை ஒட்ட வெட்டிக்கொள்கிறேன், எதுவும் பூசுவதில்லை. வந்ததும் முதல் வேலை குளியல். ஆலைக்குப் போகும் தம்பிகளும் அப்படியே செய்யுங்கள். கல்யாணப் பேச்சை அம்மா அதன் பிறகு எடுக்கவே இல்லை. ஆலை வேன் மட்டும் தினமும் காலையில் வாசலில் வந்து ஹாரன் அடிக்கிறது.