பன்றிகள் முகம் திருப்பிய தீவனம்

முத்தாபுதுப்பேட்டையில் பன்னிரண்டு பன்றிகள் வளர்க்கிறேன். குட்டிகளுக்கு அடிக்கடி கழிச்சல் வந்ததால், தீவனத்தில் மூட்டைக்கு ஒரு பிடி நிலவேம்புப் பொடி கலக்கச் சொன்னார் கால்நடை மருத்துவர். ஆர்வக்கோளாறில் நான் நாலு பிடி கலந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஒரு பன்றிகூடத் தொட்டியில் வாய் வைக்கவில்லை. பன்றி தின்னாமல் நின்றாலே எங்களுக்குப் பன்றிக் காய்ச்சல் பயம்தான். வந்தால் கொட்டகையே காலி. உடனே மருத்துவருக்குப் போன் போட்டேன். அவர் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "சூடு ஒண்ணுமில்லையே" என்று யோசித்தார்.

அதற்குள் என் மனைவி தொட்டியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். "தூ! இன்னாய்யா இவ்ளோ கசப்பா கீது? நீ துன்னுவியா இத்த?"

மருத்துவர் சிரித்த சிரிப்பில் பன்றிகளே மிரண்டன. வேறு தீவனம் வைத்ததும் பன்னிரண்டும் முட்டி மோதித் தின்றன. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கே பசித்தது.

இப்போது ஒரு பிடிக்கு மேல் போடுவதில்லை. கலந்ததும் நான் ருசி பார்த்த பிறகே தொட்டியில் கொட்டுகிறேன்.

"என் கொயம்ப என்னிக்காவது இப்டி ருசி பாத்து, நல்லா கீதுன்னு சொல்லிகீறியா?" என்றாள் மனைவி.

அதையும் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.