பீரோவுக்குள் எரிந்த பல்பு

எங்கள் தனியார் பல்கலைக்கழகத்தின் மொத்த வரலாறும் ஒரே ஒரு இரும்பு பீரோவுக்குள் அடங்கிவிடும். அதற்கு 'ஆவணக் காப்பகம்' என்று பெயர்ப்பலகை வேறு. காப்பாளர் நான்தான். வேலை ஒப்பந்தம், பந்தா மட்டும் நிரந்தரம்.

போர்ட் பிளேர் மழையில் பூஞ்சை பிடிக்காத பொருளே கிடையாது. அதனால் இங்கே வீட்டுக்கு வீடு செய்வதையே நானும் செய்தேன். பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு, அணைக்காமல் எரியவிட்டேன். ஷாதிபூரில் இருக்கும் என் வீட்டில் பட்டுப்புடவை அப்படித்தான் தப்பிப் பிழைக்கிறது. பிறகு சாவியை அட்டெண்டர் அக்காவிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கமே போகவில்லை.

ஒருநாள் பதிவாளர் கூப்பிட்டார். "மெயின்லேண்ட்லேர்ந்து இன்ஸ்பெக்‌ஷன் வராங்க. யுனிவர்சிட்டி ஆரம்பிச்ச தீர்மானத்தோட ஒரிஜினலைக் காட்டணும். இல்லேன்னா உங்க கான்ட்ராக்ட் கதம்."

காப்பகத்தில் மூலம் என்ன கதியில் இருக்கிறதோ, நகலாவது தேறுமா என்று முதலில் பார்க்கப் போனோம். அதன் நகல் பதிவாளரின் சொந்த பீரோவில் இருந்தது. திறந்து பார்த்தோம். உள்ளே பல்பு எப்போதோ ஃப்யூஸ். நகலின் மேல் பச்சையாகப் பூஞ்சை. பதிவாளர் கதவை மெதுவாகச் சாத்தினார். அடுத்த நிமிஷமே அதிகாரி வந்துவிட்டார். சென்னைக்காரர். தீவு பார்க்கப் போய்விட்டு ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் கப்பலிறங்கி, மழையில் தொப்பலாக நனைந்து நேரே வந்திருந்தார்.

அக்கா காப்பகத்தைத் திறந்தார். முதலில் வந்தது நெத்திலிக் கருவாட்டு வாசனை. மேல்தட்டில் வடகம், நடுத்தட்டில் பதிவாளரின் காலுறைகள், கீழே கருவாடு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"அக்கா, என்ன இது?"

"என்ன மேடம், போன மாசம் நீங்க காயவைக்கக் குடுத்த மோர்மிளகாகூட இதுலதானே காஞ்சுச்சு!"

நான் அதைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டதும் நினைவுக்கு வந்தது.

அதிகாரி வடகத்தட்டை நகர்த்தி, அடியிலிருந்த கோப்பை எடுத்தார். தீர்மானம் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று இருந்தது. ஒரு புள்ளிப் பூஞ்சை இல்லை.

"இந்த பல்பு அணையவே இல்லையா?" என்றார்.

"அணைஞ்சா கருவாடு கெட்டுருமே சாப்! ஃப்யூஸ் போனா அன்னிக்கே ஓடிப்போய் வாங்கிட்டு வந்துருவேன்," என்றார் அக்கா.

அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதிகாரி 'மூலப் பிரதி நல்ல நிலையில் பராமரிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஈர ஷூவைக் கழற்றினார். சொட்டச் சொட்ட இரண்டு காலுறைகளைப் பிழிந்து என்னிடம் நீட்டினார்.

"மூணு மணிக்கு ஃப்ளைட். அதுக்குள்ள காஞ்சிடுமா மேடம்?"

காப்பாளர் என்ற முறையில், பதிவாளரின் காலுறைகளை ஓரமாகத் தள்ளி இடம் பண்ணிக் கொடுத்தேன்.