நளீராவின் கைக்கு வந்த பயம்

எழுபத்துநாலில் தேயிலைத் தோட்டங்களில் வயிற்றோட்டம் பரவியபோது, நளீரா தாதியாக இருந்த ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள் கிடந்தார்கள். தாதிகள் போதவில்லை. முதல்நாள் காலையில் வார்ட்டுக்குள் போனவள் மறுநாள் பகலிலும் அங்கேதான் நின்றாள்.

பூனாகலைத் தோட்டத்திலிருந்து வந்த கருப்பம்மாவின் மகனுக்கு ஊசி போடக் குனிந்தவள், தற்செயலாகத் தட்டைப் பார்த்தாள். அவள் உடைத்திருந்தது வேறு மருந்துக் குப்பி. அந்தப் பிஞ்சு உடம்பு தாங்காத மருந்து.

"ஏன் மிஸ்ஸி, போடலீங்களா?" என்றாள் கருப்பம்மா.

"ஊசி சரியில்ல. வேற கொண்டு வாறேன்."

பிள்ளை பிழைத்து லயத்து வீட்டுக்குப் போய்விட்டான். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் அன்று பிடித்த பயம் நளீராவை விடவில்லை. மருந்தின் பெயரைப் படிப்பாள், திரும்பப் படிப்பாள், ஊசி போட்ட பிறகும் வாளியில் கிடக்கும் குப்பியைப் பொறுக்கிப் படிப்பாள். பதுளையிலுள்ள வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்ததும் சந்தேகம் வரும். கடைசியாகப் போட்டது எந்த மருந்து? மறுபடி பஸ் ஏறிப் போய், அந்த நோயாளிக்கு மூச்சு வருகிறதா என்று கதவோரம் நின்று பார்ப்பாள்.

கணவன் றவூபுக்கு பஜாரில் புடைவைக் கடை. "ஒங்கட மிஸ்ஸி ஒரே நாள்ல ரெண்டு தரம் பஸ் ஏறுறாங்களே" என்று யாரோ விளையாட்டாகச் சொன்னது அவனுக்குள் முள்ளாகத் தைத்தது.

"யாரப் பாக்க இப்படி ஓடுறீங்க?"

அவள் பீங்கானை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். உண்மையைச் சொன்னால் வேலை போகும். அதைவிட, கொலைகாரியைப் பார்ப்பதுபோல இவர் பார்த்துவிட்டால்? றவூப் பேச்சை நிறுத்தினான். பாயையும் முன்னறைக்கு எடுத்துப்போனான்.

மகள் ஜெனீராவுக்குக் காய்ச்சல் கண்ட அன்று, பகல் சாப்பாட்டுக்கு வந்தவன் திடுக்கிட்டு நின்றான். பிள்ளை நெருப்பாகக் கொதிக்கிறாள். பாணி மருந்துப் போத்தல் திறக்கப்படவே இல்லை. நளீரா கைகளைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

"மருந்து குடுத்தீங்களா?"

"நீங்க குடுங்க. என் கையால குடுத்தா புள்ள மவுத்தாகிடும்."

மருந்தைக் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இதையா இவ்வளவு நாளும் தனியா சுமந்தீங்க?" என்றான். தான் சந்தேகப்பட்டதை எண்ணி, அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குக் கூசியது.

றவூபின் உம்மா நூல் ஓதிக் கட்டச் சொன்னார்; கட்டினார்கள். பிறகு ஊர் வாய்க்குப் பயந்து, பதுளையில் காட்டாமல் கண்டியில் ஒரு மனநோய் டாக்டரிடம் றவூப் அவளைக் கூட்டிப்போனான்.

"எனக்குப் பைத்தியமா டாக்டர்?"

"இல்ல. ஒங்க மனசு பயந்துபோய் இருக்கு. ஒடம்புக்குத் தூக்கமும் இல்ல. குணமாக்கலாம்."

டாக்டர் கொடுத்த குளிசையும் ஓய்வுமாகப் பல மாதம் போயிற்று. வேலைக்குத் திரும்பியதும் தாதிகளுக்குத் தலைவியான மேட்ரனிடம் தானே உண்மையைச் சொன்னாள். மேட்ரன் திட்டித் தீர்த்தார். வேலையிலிருந்து விலக்கவில்லை, கிளினிக்குக்கு மாற்றினார்.

அங்கே முதல் ஊசி அழகையா என்ற தோட்டத் தொழிலாளிக்கு. பக்கத்துத் தாதியைக் காது கொடுக்கச் சொல்லி, மருந்தின் பெயரை உரக்கப் படித்தாள்.

"என்னங்க மிஸ்ஸி, மந்திரமா ஓதுறீங்க?" என்றார் அவர்.

நளீரா சிரித்தாள். ஆனால் மருந்து முழுவதும் இறங்கும்வரை அவள் மூச்சு விடவில்லை. பென்ஷன் எடுக்கும்வரை அப்படித்தான் ஊசி போட்டாள்.