மரக்காணம் உப்பளத்தில் தனியாகப் பேசியவள்

உப்பளத்தில் எந்த இடத்தில் நின்றால் படம் நன்றாக வரும் என்று இந்த வலைப்பூவின் வாசகர்கள் மூவர் அடுத்தடுத்துக் கேட்டிருந்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன், மரக்காணத்து உப்பளத் தொழிலாளி ஒருத்தி கைபேசியைப் பார்த்துப் பேசிய காணொளி எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. எல்லோரும் இதயப் படங்களை வாரி இறைத்துவிட்டு மறந்துபோனார்கள். அவள் பின்னால் தெரிந்த வெள்ளை வெளி மட்டும் சிலருக்கு நினைவில் நின்றிருக்கிறது. மூட்டுவலி அனுமதித்த ஒரு மார்ச் மாதப் புதன்கிழமை நான் கிளம்பினேன்.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னை செல்லும் பேருந்து, காலை ஐந்தரை மணிக்கு. மரக்காணம் ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர்; ஒரு மணி நேரம்; நாற்பது ரூபாய். வலப்பக்கச் சன்னலில் உட்காருங்கள், அவ்வப்போது கடல் தெரியும். பொம்மையார்பாளையம் தாண்டும்வரை விடுதிப் பலகைகள்தாம் தெரிந்தன. ஒவ்வொன்றும் நம்மை நாமே கண்டுபிடிக்க அழைக்கிறது. தொலைந்துபோகாதவர்கள் அங்கே என்ன செய்வார்களோ தெரியாது.

மரக்காணத்தில் இறங்கினால் உப்பளத்துக்கு நான்கு கிலோமீட்டர். ஆட்டோ ஓட்டுநர் நூற்றைம்பது கேட்டு நூற்றிருபதுக்கு இணங்கினார்.

"இன்னா மேடம், ரீல்ஸா?"

"என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?"

"போன வாரம் உங்கள விடப் பெரியவங்க ஒருத்தங்க பட்டுப்பொடவ கட்டிக்கினு வந்து ஆடுனாங்க. நல்லாத்தான் ஆடுனாங்க."

இறக்கிவிடும்போது தூரத்தில் ஒரு பாத்தியைக் காட்டினார். "வீடியோல பேசுச்சே சுமதி, அது அங்கதான் இருக்குது. வெளியூர்க்காரங்க எல்லாம் தேடி வந்து பேசறாங்க. கூட வேல செய்யறதுங்கதான் பேசறதில்ல."

சாம்பல் நிறக் காலை. வெயில் இன்னும் ஏறவில்லை, ஆனால் கண் கூசியது. ஆண்கள் பாத்தியிலிருந்து பலகையால் உப்பை இழுத்து வரப்போரம் குவிக்கிறார்கள். ஐந்து பெண்கள் அதைக் கூடையில் அள்ளிச் சாலையோர மேட்டில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். நிரம்பிய கூடையைத் தானே தலையில் ஏற்றிக்கொள்ள ஒருவராலும் முடியாது. பக்கத்தில் நிற்பவள் ஒரு விளிம்பைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். அவளுடையதை, கொட்டிவிட்டுத் திரும்பி வருபவள் தூக்கிவிடுவாள். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கை தானாக நீள்கிறது.

சுமதிக்கு மட்டும் நீளவில்லை. சும்மாட்டைச் சுற்றி வைத்துக்கொண்டு நிறைந்த கூடையருகே அவள் நின்றாள். மற்ற நால்வரும் அவளைத் தாண்டிப் போனார்கள், வந்தார்கள். கடைசியில் உப்பு இழுத்துக்கொண்டிருந்த ஓர் ஆள் பலகையைப் போட்டுவிட்டு முணுமுணுத்தபடி வந்து தூக்கிவிட்டார். மேஸ்திரி அவளை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

ஒன்பதரை மணிக்குத் தேநீர். சுமதிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். என்ன நடந்தது என்று நேராகவே கேட்டேன்.

"என் கஷ்டத்த சொன்னேன்மா. இங்க கக்கூஸ் இல்ல. அதுக்காகக் காலையிலேந்து தண்ணி குடிக்காம நிக்கிறோம், அதனால அஞ்சு பேருக்கும் நீர்க்கடுப்பு இருக்குதுன்னு சொன்னேன். பொய்யா?"

உப்புக் குவியலுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. ஐவரில் மூத்தவரான அஞ்சலை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பொய்யின்னு யாருடி சொன்னது? உனக்கு இருக்குதுன்னு சொல்லு. எனக்கு இருக்குதுன்னு ஊரக் கூட்டிச் சொல்ல நீ யாரு?"

"உன் பேர சொன்னேனாக்கா?"

"வீடியோல உன் பின்னால நாலு பேரும் கூடையோட நிக்கிறோமே, அது இன்னா, எருமையா?"

ஒருத்தி சிரித்துவிட்டாள். அஞ்சலை சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "எம் பொண்ணுக்குப் பேசின எடத்துல அந்த வீடியோவப் பாத்துட்டு, அம்மாவுக்கு இன்னா வியாதி, பொண்ணுக்கும் இருக்குமான்னு கேக்கறாங்க. நான் இன்னா சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க."

சுமதி கைபேசியை எடுத்து எதையோ அழுத்தினாள். "அந்த வீடியோவ எடுத்துட்டேன்கா. பாரு." அஞ்சலை பார்க்கவில்லை. சிரித்தவள் தன் கைபேசியை நீட்டினாள். அதே காணொளிதான். முகம் தெரியாத எவரோ பின்னணி இசை சேர்த்து, 'வீரப்பெண்' என்று எழுதிப் போட்டிருந்தார்கள்.

"இத யாரு எடுக்கறது?" என்றாள்.

முப்பது ஆண்டுகள் சமூகவியல் கற்பித்தவள் நான். உலகெங்கும் இன்று எல்லோருக்கும் தரப்படும் ஒரே அறிவுரை, உன் கதையைச் சொல் என்பது. பேச முடியாதிருந்தவர்கள் பேசுவதில் எனக்கு மறுப்பு இல்லை. சுமதியின் வாயை மூடச் சொல்பவர்களோடு நான் நிற்கவும் மாட்டேன். ஆனால் ஒருவருடைய கதை, நான்கு மூலையிலும் எல்லைக்கல் நட்ட மனை அல்ல. அதற்குள் அண்டை அயலார் குடியிருக்கிறார்கள். பார்த்தவர்களுக்கு அவள் தனியொருத்தியாகத் தெரிந்தாள். அதுதான் பாராட்ட வசதி. வேலை செய்யும் இடத்தில் அவள் ஐவரில் ஒருத்தி. பாராட்டியவர்களால் அவளுக்குக் கழிப்பறையும் வரவில்லை, கூட வேலை செய்தவர்களும் விலகிவிட்டார்கள்.

இதை எழுதலாமா என்று அஞ்சலையைக் கேட்டேன்.

"பேரு மாத்திப் போடுங்க. மூஞ்சி வேணாம். கக்கூஸ் இல்லன்னு போடுங்க, அது நல்லா பெருசா போடுங்க."

சுமதி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இதையே தன்னிடம் முதலில் சொல்லியிருந்தால் என்று நினைத்தாளோ, முதலில் தான் கேட்டிருக்கலாம் என்று நினைத்தாளோ, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வேலை மறுபடி தொடங்கியது. அவள் கூடை நிரம்பியது. பலகைக்காரர் தொலைவில் இருந்தார். நான் எழுந்து போய் விளிம்பைப் பிடித்தேன்.

"வேணாம்மா," என்றாள். "நாளைக்கு நீங்க இருக்க மாட்டீங்க."

பிறகு குனிந்து, கூடையில் பாதி உப்பைக் கைகளால் வெளியே தள்ளினாள். மீதியை முழங்காலில் வைத்துத் தானே தலைக்கு ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

போக விரும்புகிறவர்களுக்கு: ஜனவரி கடைசியிலிருந்து மழைக்கு முன்புவரை உப்பு வாருவதைப் பார்க்கலாம். காலை ஒன்பதுக்குள் போய்ச் சேருங்கள். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அவசியம். வரப்போடு நின்றுகொள்ளுங்கள், பாத்திக்குள் கால் வைத்தால் சேறு கிளம்பி உப்பு கறுத்துவிடும். திரும்புவதற்கு ஆட்டோவை முன்பே சொல்லி வைக்க வேண்டும். எங்கே நின்றால் படம் நன்றாக வரும் என்று நான் பார்க்கவில்லை. கேமராவைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

உப்பளத்தில் கழிப்பறை இல்லை. நான் நான்கு கிலோமீட்டர் ஆட்டோவில் திரும்பி வந்து ஓர் உணவகத்தில் கெஞ்சிக் கேட்டுப் போனேன். அந்த ஐந்து பெண்களும் சாயங்காலம்வரை அங்கேயே இருந்திருப்பார்கள், நால்வர் ஒரு பக்கமும் ஒருத்தி ஒரு பக்கமுமாக, தண்ணீர் குடிக்காமல்.