லாங்லி வீட்டு ஜன்னல்

என் அண்ணி டோரீனுக்கு வயிற்றெரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. ஹாலிஃபாக்ஸில் அவள் அடுப்படி அலமாரிக் கதவு கழன்று, கொடிக்கயிற்றால் கட்டிக் கிடக்கிறது. கட்டிக்கொண்டவனோ என் அண்ணன் கிளிஃப், ஊரிலேயே பேர்போன கட்டடக் கான்ட்ராக்டர்!

மலைமேல் லாங்லி அம்மாளுக்கு அவன் ஒரு வீடு கட்டினான். சமையலறை மட்டுமே மாதக்கணக்கில் இழுத்தது. ஓக் மர மேசையைத் தன் கையாலேயே இழைத்தான். பொய் சொல்வானேன், பார்த்தபோது எனக்கும் எரிந்தது. என் வீட்டுக்காரர் ஓர் ஆணி அடிக்கவே ஆள் தேடுவார்.

வேலை முடிந்ததும் அந்த அம்மாள் பாதிப் பணத்துக்குக் கையை விரித்தாள். கட்டடத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவரிடம் அண்ணன் போனான், கொடுத்துவிடு என்று தீர்ப்பும் வந்தது. அவள் அசையவில்லை. தீர்ப்பை நிறைவேற்றக் கேட்டு லீட்ஸ் கோர்ட்டுக்குப் போனால், நான் குடியிருக்கத்தான் கட்டினேன் என்று சாதித்தாள். சொந்தக் குடியிருப்பு என்றால் நடுவருக்கு அங்கே வேலையே இல்லை, அவர் தீர்ப்பும் செல்லாது; எங்கள் இங்கிலாந்துச் சட்டம் அப்படி. கேஸ் தோற்றால் அண்ணன் தன் வீட்டை விற்க வேண்டியதுதான்.

அப்போதுதான் டோரீன் வாயைத் திறந்தாள். அந்த வீட்டில் பெயின்ட் காய்ந்த நாளிலிருந்தே வாரம் ஒரு புதுக் குடும்பம் விடுமுறைக்கு வந்து தங்குகிறதாம். லாங்லி அம்மாள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லையாம்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று எங்கள் வக்கீல் கேட்டார்.

"வாராவாரம் பஸ் ஏறிப் போய் ஜன்னல் வழியா பாப்பேன். பொறாமைதான், வேற என்ன. அப்படியே எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார். கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அதை இழுத்து இழுத்து ஏளனமாக வாசித்தார். எனக்கு அந்த ஆளை அறையலாம் போலிருந்தது. நீதிபதி சிரிக்கவில்லை. பொறாமைப்பட்டாலும் இந்த அம்மாள் ஒழுங்காகப் பார்த்திருக்கிறார் என்றார். குடியிருக்க நினைத்ததற்கு லாங்லி அம்மாளால் ஒரு ஆதாரமும் காட்ட முடியவில்லை. நடுவர் சொன்ன பணத்தைக் கட்டு என்று உத்தரவாயிற்று.

ரயிலடியில் கிளிஃப் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். ஜெயித்தவன் மாதிரியே இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நமக்கும் அதே மாதிரி அடுப்படி செஞ்சிருப்பேனே" என்றான்.

"அடுப்படி மேல எனக்கென்ன பொறாமை?" என்றாள் டோரீன். "ஒரு நாள் உனக்குச் சாப்பாடு கொண்டாந்தேன். வாசல்ல நான் நிக்கிறதுகூடத் தெரியாம அந்த மேசையைத் தடவித் தடவிப் பாத்துக்கிட்டிருந்தே. அது மேலதான்."