தூங்குவதாகச் சொன்ன போன்

லிப்ட்காரர் நல்ல மனுஷர்தான். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் வருவதைக் கேட்டுவிட்டு ஆளை வேறு மாதிரி எடைபோட்டுவிடக் கூடாது. அடுக்குமாடிகளில் லிப்ட் நின்றுபோனால் ஓடிப்போய்ச் சரிசெய்கிற வேலை அவருக்கு. சட்டைப் பையில் டெஸ்டரும் விரலில் கிரீஸ் கறையுமாகவே பிறந்தவர் போல இருப்பார். யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார். அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு ஒரு போன்.

கடையில் எல்லோரும் வாங்குகிற போன் இல்லை அது. செங்கல் மாதிரி தடியாக இருக்கும். நகத்தை விட்டு நெம்பினால் முதுகு கழன்று வரும். உள்ளே ஓடுவது லினக்ஸ் என்கிற திறந்த மென்பொருள். மற்ற போன்களில் கம்பெனிக்காரன் வைத்ததுதான் சட்டம். இதில் வாங்கியவன் எதை வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். லிப்ட்காரரும் மாற்றினார். லிப்ட்டுக்குள் மாடி எண் தெரியுமே, அதே சிவப்பு எண்களில் மணி காட்ட வைத்தார். சார்ஜ் ஏறினால் மேல் அம்பு, இறங்கினால் கீழ் அம்பு. அவர் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "அழகாத்தான் இருக்கு. கால் வந்தா மட்டும் எந்த மாடியில மாட்டிக்குதுன்னு தெரியல" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. அந்தப் போனுக்கு ஒரு நோய். திரை அணைந்து தூங்கிவிட்டால் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காது. கூப்பிடுகிறவர் காதில் மணி அடித்துக்கொண்டே இருக்கும், இங்கே அது மரக்கட்டையாகக் கிடக்கும். அந்தப் போனை வாங்கிய அத்தனை பேருக்கும் இதே கதைதான்.

இந்த லட்சணத்தில் மச்சினியின் புருஷனும் அதே போனை வாங்கினான். அவன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவன். சகலைக்கும் நம் கிறுக்கு தொற்றிக்கொண்டதே என்று லிப்ட்காரருக்கு முதலில் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் பொசுக்கென்று போய்விட்டது. போன் விழித்திருக்கும்போது யார் கூப்பிடுகிறார்கள் என்று அதுவே வாய்விட்டுச் சொல்லும்படி சகலை ஒரு வேலை செய்துவிட்டான். செய்ததோடு நிற்காமல், இந்தப் போன்காரர்கள் இணையத்தில் கூடிப் பேசுகிற மன்றத்தில் அதைப் போட்டான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கண்டுபிடித்ததைப் பொதுவில் வைத்துவிட வேண்டும். நன்றாக இருந்தால், கண்டுபிடித்தவர் பெயரோடு அடுத்த அப்டேட்டில் எல்லோர் போனுக்கும் வந்துசேரும். சகலையுடையது வந்துசேர்ந்தது. அன்றிலிருந்து லிப்ட்காரரின் சொந்தப் போனே சகலை வைத்த குரலில் பேச ஆரம்பித்தது.

"சின்ன மாப்பிள்ளை கை வெச்சா எந்த ஜடமும் பேசும்" என்று மாமியார், பெரிய மாப்பிள்ளையின் காதுபடவே சொன்னாள். லிப்ட்காரர் சிரித்தார். சிரித்த வாயை மூடுவதற்குள் பொறாமை பற்றிக்கொண்டது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அடுத்தவன் ஓட்டுகிற வண்டிக்குப் பிரேக் போடுகிறவன், அவனுக்கு இவ்வளவு பேரும் புகழுமா? அந்தத் தூக்க நோயைச் சகலைக்கு முந்தித் தீர்த்துவிட வேண்டும், சகலை தன் வாயால் "முடியலண்ணே" என்று சொல்லிக் கேட்க வேண்டும். அதன்பிறகு அவருக்கு வேறு ஆசையே இல்லை.

ஒரு கட்டடத்தில் லிப்ட்டுக்குக் காத்திருந்தபோது அவருக்குப் பொறி தட்டியது. ஆளில்லாத லிப்ட்டில் விளக்கும் விசிறியும் தூங்கிவிடும், ஆனால் வெளியே இருக்கிற பொத்தான் தூங்காது. அதை அழுத்தினால் எல்லாம் விழித்துக்கொள்ளும். இந்தப் போனோ தூங்கும்போது தன் பொத்தானையும் சேர்த்துத் தூங்கவைத்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து, அழைப்பு வந்தால் தட்டி எழுப்புகிற அந்த ஒரு இணைப்பை மட்டும் விழித்திருக்கும்படி நிரல் எழுதினார். திரை அணைந்து கிடந்த போன் மனைவி கூப்பிட்டதும் துள்ளி எழுந்தது.

மன்றத்தைத் திறந்து பாதி எழுதியும்விட்டார். மேலே சகலையின் பதிவு தெரிந்தது. அதன் கீழே ஊர்பேர் தெரியாதவர்கள் எல்லாம் நன்றி நன்றி என்று கொட்டியிருந்தார்கள். எழுதியதை அழித்தார். அவன் இன்னும் கொஞ்சம் முட்டிக்கொள்ளட்டும். உன் தங்கச்சிகிட்ட மூச்சு விடாதே, இன்னும் முழுசா சரியாகவில்லை என்று மனைவியிடம் சொல்லிவைத்தார்.

அடுத்த முறை வந்தபோது சகலையே கேட்டான். "உங்களுக்காவது முழிக்குதாண்ணே?"

"எங்க தம்பி. செத்த மாதிரிதான் கெடக்கு."

சொல்லிவிட்டார், மாட்டிக்கொண்டார். செத்துக்கிடக்கிற போனை எப்படி எடுத்துப் பேசுவது? அதனால் சகலை கூப்பிட்டால் மட்டும் எடுக்க முடியாமல் போயிற்று. "சகலை அழைக்கிறார், சகலை அழைக்கிறார்" என்று அவன் வைத்த குரலே அவன் பெயரைக் கூவும். இவர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்படியும் ஒருவர் தனக்குத் தானே விலங்கு பூட்டிக்கொள்வாரா என்றால், பூட்டிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தக் குரல் விடாமல் கூவியது. நிற்கும், மறுபடி ஆரம்பிக்கும். மனைவி துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போயிருந்தாள். லிப்ட்காரர் போனைத் தலையணைக்கு அடியில் வைத்து அமுக்கினார். அங்கேயும் அது விடவில்லை.

மனைவி படியிறங்கி ஓடிவந்தாள், கையில் அவளுடைய போன். தங்கை கூப்பிட்டிருக்கிறாள். அவர்கள் குடியிருப்பு லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோய்விட்டது. உள்ளே சகலையும் மாமியாரும். ஞாயிற்றுக்கிழமை முறை மெக்கானிக் வேறொரு கட்டடத்தில் மாட்டிக்கொண்டு இன்னும் வந்துசேரவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கிற லிப்ட்காரரைத்தான் அவன் இவ்வளவு நேரமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

லிப்ட்காரர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். மேலே மோட்டார் அறைக்கு ஏறிக் கைப்பிடியைச் சுற்றிப் பெட்டியை மாடிக்கு நேராகக் கொண்டுவந்து, சாவியால் கதவைத் திறந்தார். மாமியார் வேர்வையில் நனைந்திருந்தாள். சகலை தன் சட்டையைக் கழற்றி அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தான்.

"கட்டையில போற போனு. அதைத் தூக்கிக் குப்பையில போடுங்க மாப்பிள்ளை" என்றாள் மாமியார்.

"அண்ணன் என்னத்தை பண்ணுவாரு. போன் தூங்கிடுச்சு. தெரிஞ்சேதான் அடிச்சேன், ஒருவேளை முழிக்காதான்னு" என்றான் சகலை.

லிப்ட்காரர் குனிந்து சாவியைத் துடைத்தார். அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப் பையிலிருந்து அந்தக் குரல் வந்தது. "வீட்டுக்காரி அழைக்கிறார். வீட்டுக்காரி அழைக்கிறார்." எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று கேட்க அவள் கூப்பிடுகிறாள்.

சகலை அவர் பையைப் பார்த்தான், பிறகு முகத்தைப் பார்த்தான். சட்டையை மாட்டி ஒவ்வொரு பொத்தானாகப் போட்டான்.

"எத்தனை நாளாண்ணே?"

"கொஞ்ச நாளா."

"எதுல இருந்துச்சு கோளாறு? நான் தலைகீழா நின்னு பாத்துட்டேன். என்னால முடியலண்ணே."

இதோ, கேட்க ஏங்கிய வார்த்தை, அதுவும் மாமியார் முன்னாலேயே. லிப்ட்காரருக்கு அது வேப்பங்காயாகக் கசந்தது. இந்த ஒரு சொல்லைப் பிடுங்க அவர் என்னவெல்லாம் செய்தார். அவன் அதைச் சில்லறை கொடுப்பது மாதிரி கொடுத்துவிட்டுப் போகிறான். தன் வாயில் அது இப்படிச் சுலபமாக வருமா?

படிக்கட்டிலேயே உட்கார்ந்து போனைத் திறந்து காட்டினார். லிப்ட் பொத்தான் கதையைச் சொன்னார். சகலை தொடையில் தட்டிச் சிரித்தான், இப்பவே மன்றத்துல போடுங்க என்றான். போட்டார். அடுத்த அப்டேட்டில் அவர் பெயரோடு எல்லோர் போனுக்கும் போய்ச்சேர்ந்தது. "எங்க அண்ணன் கண்டுபிடிச்சது" என்று சகலை அதன் கீழே எழுதியிருந்தான்.

அந்த வரிக்கு எத்தனை பேர் நன்றி போட்டிருக்கிறார்கள், தன்னுடையதற்கு எத்தனை பேர் என்று லிப்ட்காரர் இன்றைக்கும் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். சகலை கூப்பிட்டால் மட்டும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறார்.