மேனேஜருக்குக் குரல் கொடுத்தவர்

சவுண்டு சாரைப் பற்றித் தெருவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சினிமா ஸ்டுடியோவில் சவுண்டு இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். இதில் சினிமா உண்மை, ஸ்டுடியோ உண்மை, ஓய்வு ரொம்ப ரொம்ப உண்மை. இன்ஜினியர் மட்டும் கல்யாணத்துக்காகச் சேர்த்தது.

முப்பது வருஷமாக அவர் பார்த்த வேலை, நாய்களுக்காகக் குரைப்பது.

சிரிக்க வேண்டாம். அந்தக் காலப் படங்களில் நாய் இல்லாமல் எந்தக் குடும்பமும் உருப்பட்டதில்லை. வில்லனைக் கடிப்பது, தொலைந்த குழந்தையைக் கண்டுபிடிப்பது, கோர்ட்டில் சாட்சி சொல்வது, கடைசியில் கதாநாயகனுக்கு வர வேண்டிய குண்டைத் தான் வாங்கிக்கொண்டு சாவது, எல்லாம் நாயின் இலாகா. ஆனால் படம் பிடிக்கும்போது கேமராவுக்குப் பின்னால் ஒரு பயிற்சியாளர் பிஸ்கட்டை ஆட்டியபடி, "உக்காரு! திரும்பு! அந்தப் பக்கம் இல்லடா தடியா!" என்று கத்திக்கொண்டே இருப்பார். அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் பிறகு ஒருவர் இருட்டறையில் மைக் முன்னால் நின்று, திரையில் நாய் வாய் திறக்கும்போதெல்லாம் இம்மி பிசகாமல் குரைக்க வேண்டும். அவர்தான் இவர். வில்லனைப் பார்த்தால் அடிவயிற்றிலிருந்து. கதாநாயகியைப் பார்த்தால் மூக்கிலிருந்து. சாகும் காட்சிக்கு வாயில் ஈரத்துண்டு. "சார், இன்னும் கொஞ்சம் பாசமா குரைங்க" என்று இயக்குநர்கள் கெஞ்சியிருக்கிறார்கள். நாய் படம் போட்டுப் போஸ்டர் ஒட்டினார்கள். இவருக்குத் தொண்டைக்கு வெந்நீர் கொடுத்தார்கள்.

வீட்டில் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. மனைவி கணக்கு டீச்சர். தெருவோடு சேர்ந்து இவரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ஒரு கணக்கு டீச்சரிடம் போய் 'நான் குரைக்கிறேன்' என்று எந்த மனிதன் சொல்வான்?

பிள்ளைகள் வேலை தேடிப் போன பிறகு வீட்டில் மூன்றாவது ஆள் மேனேஜர். பழுப்பு நிற நாய். ஒரு காது நிமிர்ந்தது, இன்னொன்று மடங்கியது. நாள் முழுக்கக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களை அரைக்கண்ணால் பார்த்து, எதிலும் ஒரு முடிவும் எடுக்காது. அதனால் அந்தப் பெயர். ஆறு வயதில் ஒரு தடவைகூடக் குரைத்ததில்லை. சவுண்டு சாருக்கு அது குறையாகவே படவில்லை. வாழ்நாள் பூராவும் குரைத்துக் களைத்தவருக்கு, பேசாத நாயின் வயிற்றுச் சூட்டில் பாதத்தை வைத்துக்கொண்டு பேப்பர் படிப்பதுதான் சொர்க்கம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல் பதினொரு மணிக்கு, எவனோ கேட்டைத் திறந்து டீச்சரின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். எதிர்வீட்டுக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. மேனேஜர் எழுந்து வந்து, அவனை முகர்ந்து பார்த்து, வாலை ஆட்டி, தெருமுனைவரை கூடவே போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பியிருந்தது.

"டாட்டா மட்டும்தான் காட்டல டீச்சர்" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

டீச்சர் வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு சொன்னார். "ஒரு வாரம் டைம். அதுக்குள்ள இது குரைக்கணும். இல்லன்னா காப்பகத்துல விட்டுட்டு வேற நாய் பாத்துக்கலாம்."

"பாவம் டீச்சர், அதுக்குக் கூச்ச சுபாவம்."

"கூச்சமா? திருடன்கூட வாக்கிங் போயிருக்குங்க!"

அரை மார்க்குக்காகக் காலில் விழுந்த பிள்ளைகளிடமே இறங்கி வராதவர் டீச்சர். அன்று சவுண்டு சாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மேனேஜர் அவர் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டது.

மறுநாள் தபால்காரர் கேட்டைத் தொட்டதும் வீட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு குரைப்பு கிளம்பியது பாருங்கள், மனிதர் கையிலிருந்த அத்தனை கடிதத்தையும் கீழே போட்டுவிட்டார். துணி துவைக்கிற இடத்தில் மேனேஜர் மல்லாந்து கிடந்தது. ஒட்டியிருந்த குளியலறைக்குள் சவுண்டு சார் பிளாஸ்டிக் வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றிருந்தார். வாளி இருந்தால் குரலுக்கு ஒரு கனம் கிடைக்கும்.

சாதாரணத் தெருநாய் அளவுக்கு லொள் லொள் என்று வைத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் தொழில்காரர் இல்லையா? கை, அதாவது தொண்டை, சும்மா இருக்கவில்லை. தபால்காரருக்கு ஒன்று, மின்சாரக் கணக்கெடுப்பவருக்கு இன்னொன்று, எதிர்வீட்டுக்காரிக்கு ஓர் உறுமல் என்று கதாநாயக நாய்க்குரிய முழுச் சரக்கையும் இறக்கினார். டீச்சர் பூரித்துப்போய் அண்ணனுக்குப் போன் போட்டு, "கேளுண்ணா, எப்படிக் குரைக்குதுன்னு" என்று காதில் வேறு கேட்க வைத்தார்.

அங்கேதான் வினை வந்தது.

டீச்சரின் அண்ணன் பெயிண்ட் கிடங்கு வைத்திருப்பவர். 'மாப்பிள்ளை இன்ஜினியர்' என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி இந்தக் கல்யாணத்தை முடித்துவைத்தவரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேனோடும் சங்கிலியோடும் வந்து இறங்கினார்.

"மாப்ள! போன்ல கேட்டதும் உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. பாலத்துலேருந்து குதிச்சுக் குழந்தையைக் காப்பாத்துமே ஒரு படத்துல, அந்த நாயோட அதே குரல்! பதினாலு தடவை பாத்திருக்கேன் அந்தப் படத்தை. இது அதோட வம்சம்தான், சந்தேகமே இல்ல. என் கிடங்குக்கு இதான் காவல்."

"மச்சான், இப்பதானே குரைக்கவே ஆரம்பிச்சிருக்கு…"

"அதான் பாஸாயிடுச்சே, மேல்படிப்புக்குப் போகட்டும்" என்றார் டீச்சர். "கூட்டிட்டுப் போண்ணா. உனக்கில்லாததா? நாங்க ஒரு குட்டி வாங்கிக்கறோம்."

மேனேஜர் கொஞ்சம்கூட மானரோஷம் இல்லாமல், வாலை ஆட்டிக்கொண்டு தானாகவே வேனில் ஏறி உட்கார்ந்தது. அங்கே என்ன நடக்கும் என்று சவுண்டு சாருக்குத் தெரியும். கிடங்கில் தூணில் கட்டுவார்கள். குரைக்காது. பத்து நாள் பார்த்துவிட்டு நடுரோட்டில் அவிழ்த்துவிடுவார்கள். வேனின் இன்ஜின் உறுமியது.

"மச்சான், வண்டியை நிறுத்துங்க. அது குரைக்காது. குளியலறையிலேருந்து குரைச்சது நான்."

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். "தங்கச்சி, மாப்பிள்ளைக்கு வெயில் ஒத்துக்கல."

பனியனும் லுங்கியுமாக, நடுத்தெருவில் நின்று சவுண்டு சார் குரைத்தார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"இதை யார் வேணா செய்வாங்க மாப்ள. நாயைக் குடுக்க மனசில்லன்னா நேரா சொல்லுங்க."

அப்போது வேனுக்குள் மேனேஜர் கொட்டாவி விட வாயைத் திறந்தது. பழக்கதோஷம், சவுண்டு சார் அதன் வாயசைவைக் குரலால் பிடித்துவிட்டார். வாய் திறக்கத் திறக்கக் குரல் எழும்பியது, மூடும்போது இழைந்து அடங்கியது. அது காதைச் சொறிந்தது. இவர் மூக்கால் முனகினார். தெருவில் போன இன்னொரு நாயைப் பார்த்து அது தலையைத் திருப்பியது. இவர் அடித்தொண்டையில் கேள்வி கேட்டார். ஆறு வருஷம் ஊமையாக இருந்த நாய் அந்த இரண்டு நிமிடத்தில் தெருவுக்கே ஒரு வசனம் பேசி முடித்தது.

மச்சான் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார். முகம் வெளுத்திருந்தது.

"அந்தப் பாலத்து நாய்…"

"நான்தான் மச்சான்."

"கடைசியில குண்டு பட்டு, அந்தப் பொண்ணு மடியில முனகிக்கிட்டே சாகுமே?"

"வாயில ஈரத்துண்டு."

மச்சான் வேன் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பதினாலு தடவை அழுதிருக்கேன் மாப்ள. உங்களுக்கா அழுதேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்க வந்தது. "அப்ப இன்ஜினியர்னு சொன்னது?"

சவுண்டு சார் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தப்பாக வந்த விடையை எந்த வரியில் பிசகியது என்று தேடுவதுபோல அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை வருஷம்?"

"முப்பது."

"ஒரு தடவை சொல்லியிருக்கலாமில்ல?"

"வெக்கமா இருந்துச்சு டீச்சர்."

டீச்சர் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார், அது சாத்திக்கொண்டது.

"நாளைக்குக் குழாய் ரிப்பேருக்கு ஆள் வர்றாங்க. குளியலறையில போய்க் குனிஞ்சு நிக்காதீங்க, இடுப்பு பிடிச்சுக்கும். ஹால்ல உக்காந்தே குரைங்க. அண்ணா, அதை இறக்கு."

ஆனால் மேனேஜருக்கு வேன் பிடித்துப்போயிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தார்கள், பிஸ்கட் காட்டினார்கள். அரைக்கண்ணால் பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டது. கடைசியில் மச்சான் பின்னங்காலையும் டீச்சர் நடுவையும் பிடிக்க, சவுண்டு சார் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மூன்று பேருமாக மூச்சு வாங்க அதை வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள்.